கணவர் ஓட்டும் குட்டி விமானத்தில் குடும்பத்தோடு போகலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் கடிதம் இது. அவருடைய கணவருக்கு வயது 46. விமானம் ஓட்டுவது அவருடைய நெடுநாள் ஆசை; போன ஆண்டுதான் தனியார் விமானி லைசென்ஸ் கைக்கு வந்தது. இதுவரை மொத்தம் 120 மணி நேரம் பறந்திருக்கிறார். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தனித் தகுதியை இன்னும் பெறவில்லை. நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை கொண்ட பழைய விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறார்.

இரண்டு மாதத்தில் வாசகியின் தங்கைக்குத் திருமணம். காரில் போனால் முழுதாக ஒரு நாள், விமானத்தில் இரண்டரை மணி நேரம். மனைவி, 12 வயது மகள், தன் அம்மா மூவரையும் ஏற்றிக்கொண்டு திருமணத்தன்று காலையில் போய், வரவேற்பு முடிந்ததும் அன்றிரவே திரும்பிவிடலாம் என்பது கணவரின் திட்டம். விமானத்தின் வருடாந்திரப் பரிசோதனை அதற்கு முந்தின வாரம்தான் முடிகிறது. மண்டபத்துக்கு மேலே ஒரு முறை தாழப் பறந்து காட்டச் சொல்லி உறவினர்கள் கேட்க, அவரும் சரி என்று சொல்லிவிட்டார். அவருக்கு அடிக்கடி தும்மலும் சளியும் வரும், அதற்கு மாத்திரை போடுவார் என்றும் கடிதத்தில் இருக்கிறது. நால்வரின் எடையையும் வாசகி எழுதியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள்: "நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. அவரோ, காரைவிட விமானம்தான் பாதுகாப்பு, ஆட்டோபைலட் வேறு இருக்கிறது என்கிறார். இரட்டை எஞ்சின் என்றால் பயமில்லையா? இந்த மாதிரி விமானங்கள் பெரும்பாலும் எதனால் விபத்துக்குள்ளாகின்றன? நான் வரமாட்டேன் என்று சொன்னால் அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா? ஏதாவது நடந்தால் காப்பீடு கிடைக்குமா?"

விமானப் பயிற்றுநரும் விபத்துத் தடுப்பு ஆலோசகருமான எங்கள் நிபுணரின் பதில்:

சகோதரி,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எஞ்சினை நினைத்துத் தூக்கம் இழக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை வேறு: திருமணத் தேதி, அன்றிரவே திரும்பும் திட்டம், நான்கு பேர் எடை, மண்டபத்துக்கு மேலே தாழப் பறக்கும் யோசனை. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கணவர் சொல்லும் வாதம். காரைவிட விமானம் பாதுகாப்பு என்பது பெரிய விமான நிறுவனங்களின் பயணிகள் விமானங்களுக்குப் பொருந்தும். சிறிய தனியார் விமானங்களுக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில் இந்த வகைப் பறப்பில், ஏறத்தாழ 1,00,000 பறப்பு மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவில் உயிரிழப்பு விபத்துகள் நடந்துவருகின்றன. காரோடு ஒப்பிட முடியாத அளவுக்கு இது அதிகம். பெரிய விமானத்தில் இரண்டு விமானிகள் இருப்பார்கள். தரையில் வானிலையையும் எரிபொருளையும் கணக்குப் பார்க்கத் தனி ஆட்கள் இருப்பார்கள். விமானி களைப்பாக இருந்தால் மாற்று ஆள் வருவார். உங்கள் கணவரோ இத்தனை வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டும். அவர் ஒரு முடிவெடுத்தால் "இது சரியா?" என்று கேட்கப் பக்கத்தில் யாரும் கிடையாது.

இந்த விபத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு விமானியின் முடிவோ கையாளுதலோதான் காரணம் என்று விசாரணைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இயந்திரக் கோளாறின் பங்கு அதைவிட மிகக் குறைவு. இதை ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு முடிவு தவறு என்றால், கிளம்புவதற்கு முன்பே அதை மாற்ற முடியும்.

எஞ்சின் நின்றால்

எஞ்சின் நின்றதும் விமானம் கல்போல விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். இந்த வகைச் சிறு விமானங்கள் ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் எட்டு, ஒன்பது மீட்டர் முன்னே போகும். 1,500 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால் 12 கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் ஒரு வயலையோ வெற்று நிலத்தையோ தேட அவகாசம் இருக்கும். பயிற்சியில் இதைப் பலமுறை செய்ய வைப்போம். வேகத்தைக் காத்து, விமானத்தைச் சமமாக வைத்து இறங்கினால், விமானம் சேதமானாலும் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். உயிர் போவது வேறொரு சூழலில். மேலே ஏறிய சில நொடிகளில் எஞ்சின் நிற்கிறது. விமானி பதறிப்போய், போதிய உயரம் இல்லாமலேயே ஓடுபாதைக்குத் திரும்ப முயல்கிறார். அந்தத் திருப்பத்தில் விழுந்தவர்கள் ஏராளம். நேரே எதிரில் கிடைக்கும் இடத்தில் இறங்குவதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, எஞ்சின்கள் பழுதாகி நிற்பதோடு பட்டினியாலும் நிற்கின்றன. எரிபொருள் சுத்தமாகத் தீர்ந்துபோவது உண்டு. ஒரு இறக்கைத் தொட்டி காலியாகி, மறு இறக்கையில் நிறைய இருந்தும் விமானி வால்வைத் திருப்ப மறந்துவிடுவதும் உண்டு. 1997-ல் பாடகர் ஜான் டென்வர் இறந்த விபத்தில், அந்த வால்வின் கைப்பிடி எட்டிப் பிடிக்கச் சிரமமான இடத்தில் இருந்தது. அதைத் திருப்ப உடலை வளைத்தபோது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் சுக்கான் மிதி அறியாமல் அழுந்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணை முடிவு. போதுமான எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதும் அதில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருப்பது, எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்யுரேட்டரில் பனி கட்டுவது ஆகியவையும் எஞ்சினை நிறுத்தும். கார்ப்யுரேட்டர் பனி குளிர்நாட்டுச் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் இதமான வெயில் நாளிலும் அது வரும்.

இரட்டை எஞ்சின் பற்றிக் கேட்டீர்கள். இரண்டில் ஒன்று நின்றால் பாதி சக்தி மிஞ்சும், ஆனால் மேலே ஏறும் திறனில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விடும். அத்தோடு ஒரு பக்கம் மட்டும் இழுவை இருப்பதால் விமானம் பக்கவாட்டில் உருளப் பார்க்கும். அதை உடனே அடக்கத் தனிப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சியைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். 120 மணி நேர அனுபவத்துக்கு ஒற்றை எஞ்சின்தான் பொருத்தம். அதில் கணவர் செய்த தேர்வு சரியானதே.

பரிசோதனை முடிந்து புத்தம் புதிதாக வரும் என்று நீங்கள் நிம்மதி அடைந்திருக்கலாம். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பட்டறையில் பல பாகங்கள் கழற்றி மாட்டப்படும். இறுக்காமல் விட்ட ஒரு திருகு, மாற்றி இணைத்த ஒரு கம்பி முதலில் தெரியவருவது அதற்கடுத்த பறப்புகளில்தான். பரிசோதனைக்குப் பிறகு முதல் சில மணி நேரமாவது, பயணிகள் இல்லாமல், நல்ல வானிலையில், ஓடுபாதைக்கு அருகிலேயே பறந்து பார்க்க வேண்டும். முந்தின வாரம் பட்டறையிலிருந்து வரும் விமானத்தில் குடும்பத்தோடு நீண்ட பயணம் என்பது நல்ல திட்டமில்லை.

கடைசித் திருப்பம்

சிறு விமானங்களில் அதிகம் பேரைக் கொல்வது பறக்கும்போதே கட்டுப்பாட்டை இழப்பதுதான். எஞ்சின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். ஓடும் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைச் சற்றே சாய்த்து நீட்டினால் காற்று கையை மேலே தூக்கும். இன்னும் இன்னும் செங்குத்தாக்கினால் ஒரு கட்டத்தில் தூக்குவது நின்று பின்னுக்குத் தள்ளும். இறக்கையும் அப்படித்தான். காற்றோடு அது கொள்ளும் கோணம் எல்லை தாண்டினால் தூக்குவிசை சட்டென்று குலைந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

திருப்பத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. விமானத்தை 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் உயரும். 60 டிகிரியில் 41 சதவீதம். இறங்குவதற்கு முன் ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தை நினைத்துப் பாருங்கள். பின்காற்று தள்ளியதால் விமானம் பாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டது. எப்படியாவது நேராக்கிவிடலாம் என்று விமானி இன்னும் சாய்க்கிறார், சுக்கானை மிதிக்கிறார், மூக்கு தாழ்வதைப் பார்த்துக் கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுக்கிறார். ஒரு இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழலத் தொடங்குகிறது. மீட்கும் முறை அவருக்குத் தெரியும். ஆனால் அந்த உயரத்தில் அதற்கு இடமில்லை. தப்ப வழி ஒன்றே. நேர்கோட்டைத் தவறவிட்டால் மேலே ஏறி இன்னொரு சுற்று வர வேண்டும். அதை அவமானமாக நினைக்கும் விமானிக்குத்தான் ஆபத்து.

மண்டபத்துக்கு மேலே தாழப் பறப்பதும் இதே கதைதான், இன்னும் மோசமான வடிவில். கண் கீழே கையசைப்பவர்கள்மேல் இருக்கும், வேகம் குறையும், சாய்வு கூடும், மின்கம்பிகளும் கோபுரங்களும் கடைசி நொடியில்தான் தெரியும். ஊர்களுக்கும் கூட்டங்களுக்கும் மேலே குறைந்தபட்சம் எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்று எல்லா நாடுகளிலும் விதி இருக்கிறது. இந்த யோசனையை மட்டும் இன்றைக்கே, பேச்சுக்கே இடமில்லாமல் கைவிடச் சொல்லுங்கள். கேட்ட உறவினர்களிடம் நீங்களே பேசிவிடுவது இன்னும் நல்லது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற சங்கடம் அவருக்கு இருக்கக்கூடாது.

மேகமும் இருட்டும்

இறங்கும்போது தவறுவதால் நடக்கும் விபத்துகள் எண்ணிக்கையில் மிக அதிகம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் சக்கரமும் இறக்கையும்தான் உடையும். வானிலை விபத்துகள் எண்ணிக்கையில் குறைவு. நடந்தால் பெரும்பாலும் யாரும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் நான் இதற்கு அதிகம் பயப்படுகிறேன்.

கண்ணால் பார்த்துப் பறக்கப் பழகிய விமானி மேகத்துக்குள் போனால் என்ன ஆகிறது? அடிவானம் மறைந்ததும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை நம்ப வேண்டியதாகிறது. மெதுவான சாய்வை அந்த உறுப்பு உணராது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமிடத் தொடங்கியிருக்கும். உடம்போ நேராகப் போகிறோம் என்று சொல்லும். உயரம் குறைவதைக் கருவியில் பார்த்து அவர் கட்டுப்பாட்டை இழுக்கிறார். சாய்வை நீக்காமல் இழுப்பதால் வட்டம் இன்னும் இறுகி, விமானம் சுருள் சுருளாகக் கீழே பாய்கிறது. 1954-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து, மேகத்துக்குள் இருப்பது போன்ற சூழலை உண்டாக்கிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. உங்கள் கணவருக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். பயிற்சியில் அவர் கேள்விப்பட்டிருக்கக்கூடும்.

இதே தடுமாற்றத்துக்கு மேகம்கூடத் தேவையில்லை. நிலவில்லாத இரவில், விளக்கில்லாத நிலத்துக்கோ கடலுக்கோ மேலே பறந்தாலே போதும். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு ஒற்றை எஞ்சின் பைப்பர் சரடோகா விமானத்தில் கிளம்பினார். குடும்பத்தில் ஒரு திருமணத்துக்குப் போகும் பயணம். அவர் பறந்திருந்தது சுமார் 310 மணி நேரம். கருவிப் பறப்புத் தகுதி இல்லை. கிளம்பும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. கடலுக்கு மேலே மங்கல் படர்ந்திருந்தது. மார்த்தாஸ் வினியார்ட் தீவை நெருங்கி இறங்கும் நேரத்தில், திசையுணர்வு குழம்பியதால் கட்டுப்பாட்டை இழந்தார் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. மூவரும் இறந்தார்கள். எஞ்சினில் கோளாறு இல்லை. அந்த விமானத்தில் ஆட்டோபைலட்டும் இருந்தது. ஆட்டோபைலட் நல்ல துணைதான், ஆனால் அதைச் சரியான நேரத்தில் இயக்கத் தெளிந்த மனம் வேண்டும். குழம்பிய நிலையில் பல விமானிகளுக்கு அது நினைவுக்கே வருவதில்லை.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்த விபத்துதான். வரவேற்பு முடிந்து, நாள் முழுவதும் களைத்து, இருட்டில் இரண்டரை மணி நேரம் திரும்பும் அந்தப் பகுதி எந்த நிபந்தனையிலும் வேண்டாம்.

அந்தத் தேதி

விமானிகள் நடுவே ஒரு பேச்சு உண்டு: போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நோய். உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. கல்யாணம் பத்து மணிக்கு, மனைவியின் தங்கை காத்திருக்கிறாள், எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. காலையில் மேகம் தாழ்ந்திருக்கிறது. "கொஞ்சம் கிளம்பிப் பார்ப்போம், மோசமானால் திரும்பிவிடலாம்" என்பார். பாதி தூரம் போனபின் திரும்புவது, போகாமல் இருப்பதைவிடக் கடினம்.

1996 ஏப்ரல் 11-ஆம் தேதி அமெரிக்காவின் ஷையேன் நகரில் நடந்ததைப் பாருங்கள். ஜெசிகா டப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி நாட்டின் குறுக்கே விமானம் ஓட்டிச் சாதனை செய்யப் போவதாக ஏற்பாடு. கூடவே அப்பாவும் பயிற்றுநரும். ஷையேன் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. விமானம் அனுமதித்த எடையைவிடக் கூடுதலாகச் சுமந்திருந்தது. இடியும் மழையும் நெருங்கிவந்தன. கிளம்பினார்கள். சற்று நேரத்தில் ஸ்டால் ஆகி விழுந்து மூவரும் இறந்தார்கள். ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கையும் மிகையான பயணத் திட்டத்தையும் காப்பாற்ற நினைத்ததும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கையே எழுதியது. பயிற்றுநர் பக்கத்திலேயே இருந்தும் தேதியின் அழுத்தம் வென்றுவிட்டது.

அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கை 1953-ல் முதலில் தாண்டிய சோதனை விமானி ஸ்காட் கிராஸ்ஃபீல்ட். அவர் 2006-ல், தன் 84-ஆம் வயதில், சொந்த செஸ்னா 210 விமானத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு மேலே இடிமழையில் சிக்கி இறந்தார். வழியில் வானிலை எப்படி மாறியிருக்கிறது என்ற புதிய தகவலைக் கேட்டு வாங்காதது அதில் ஒரு காரணம்.

எடையும் எரிபொருளும்

நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படி வராது. இந்த வகை விமானங்கள் பலவற்றில் ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஏற்றக்கூடியது 400 கிலோ அளவுதான். உங்கள் விமானத்துக்கான சரியான எண் அதன் எடைப் பத்திரத்தில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் எழுதியபடி கணவர் 86, நீங்கள் 66, மாமியார் 72, மகள் 42. ஆக 266 கிலோ. திருமணத் துணிமணி, பரிசுப் பெட்டிகள் 40 கிலோ. மொத்தம் 306. தொட்டி நிறைய 200 லிட்டர் ஊற்றினால் அது மட்டும் 145 கிலோ. கூட்டினால் 451.

சரி, எரிபொருளைக் குறைக்கலாம் என்பார். 130 லிட்டர் என்றால் 94 கிலோ, மொத்தம் சரியாக 400. தாளில் பார்க்க அழகாக இருக்கும். மணிக்கு 35 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு இரண்டரை மணி நேரத்துக்கே ஏறக்குறைய 88 லிட்டர் போய்விடும். ஓடுபாதைக்கு ஓட்டிச் செல்வதற்கும் மேலே ஏறுவதற்கும் இன்னும் கொஞ்சம். மிச்சம் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கான கையிருப்பு. எதிர்காற்று மணிக்கு 35 கிலோமீட்டர் வீசினால் பயணம் அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டு, அந்தக் கையிருப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அப்புறம் மண்டபத்து ஊரில் மேகம் மூடியிருந்தால் வேறு ஊருக்குப் போக எரிபொருள் இருக்காது. நடுவில் ஒரு இடத்தில் இறங்கி நிரப்பிக்கொள்வது ஒரு வழி, ஆளைக் குறைப்பது இன்னொரு வழி. கனமான பெட்டிகளை வால்பக்கம் ஏற்றினால் எடை மையம் பின்னுக்குப் போய், ஸ்டாலிலிருந்து மீள்வதே கடினமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும்போது இவ்வளவு எடையோடு மேலெழும்ப ஓடுபாதையும் கூடுதலாக வேண்டும்.

மாத்திரையும் புகையும்

சளிக்கும் தும்மலுக்கும் கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் டைபென்ஹைட்ரமின் என்ற மருந்து இருக்கிறது. விபத்தில் இறந்த விமானிகளின் உடலில், மூளையை மந்தமாக்கும் மருந்துகளில் அதிகம் காணப்பட்டது இதுவே என்று அமெரிக்க வாரியத்தின் 2014 ஆய்வு சொல்கிறது. தூக்கம் வராததுபோலத் தோன்றினாலும் கவனம் மட்டுப்படும். அவர் போடும் மாத்திரையின் அட்டையை விமானிகளுக்குச் சான்று தரும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சிறு விமானங்களில் உள்ளே சூடேற்றுவதற்குப் புகைபோக்கியைச் சுற்றி வரும் காற்றைப் பயன்படுத்துவார்கள். புகைபோக்கியில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறமும் மணமும் இல்லாத வாயு. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்த விபத்தில் விமானி இந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் விசாரணைக் குழு கண்டறிந்தது. ஒலி எழுப்பும் சிறிய எச்சரிக்கைக் கருவி கைக்கடக்கமாகவே கிடைக்கிறது. நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் உரிமையும் காப்பீடும்

பறப்பது பற்றிய கடைசி முடிவு விமானியுடையது என்பது உலகமெங்கும் உள்ள விதி. அதற்காக ஏறியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கதவு மூடும் வரைக்கும், ஏன், ஓடுபாதைக்குப் போகும் வழியிலும் "நான் இறங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடுவானில் விவாதம் செய்வதுதான் ஆபத்து. பேசுவதையெல்லாம் தரையில் பேசி முடித்துவிடுங்கள். மகளைப் பொறுத்தவரை நீங்கள் இருவரும் பெற்றோர். ஒருவருக்குச் சம்மதமில்லை என்றால் பிள்ளை ஏறக்கூடாது என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

வரமாட்டேன் என்றால் நம்பிக்கையின்மை ஆகிவிடும் என்று தயங்குகிறீர்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். பெரிய விமானங்களில் ஒருவர் முடிவை இன்னொருவர் கேள்வி கேட்பது முறையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. அதனால் எந்த விமானியின் மதிப்பும் குறைவதில்லை. உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

காப்பீட்டில் இரண்டைத் தனித்தனியாகப் பாருங்கள். விமானத்துக்கான பாலிசியில் யார் ஓட்டலாம், எத்தனை மணி நேர அனுபவம் வேண்டும், எந்தத் தகுதி வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். லைசென்ஸோ மருத்துவச் சான்றோ காலாவதி ஆகியிருந்தால், எடை எல்லை மீறியிருந்தால், நிறுவனம் பணம் தர மறுக்க இடம் உண்டு. உங்கள் இருவரின் ஆயுள் காப்பீட்டில் தனியார் விமானப் பறப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் விலக்கு இருக்கிறது. கூட்டாக வாங்கிய விமானம் என்பதால், ஒரு பங்காளியின் தவறுக்கு மற்றவர்கள் எவ்வளவு பொறுப்பு என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது நல்லது. தனியார் லைசென்ஸ் வைத்திருப்பவர் கூலிக்குப் பயணிகளை ஏற்றக்கூடாது. உறவினர் யாராவது "நானும் வருகிறேன், காசு தருகிறேன்" என்றால் மறுத்துவிட வேண்டும்.

என் கருத்து

இந்தத் திருமணத்துக்கு விமானத்தில் போக வேண்டாம். நீங்கள், மகள், மாமியார் மூவரும் முந்தின நாளே சாலை வழியாகவோ ரயிலிலோ போய்விடுங்கள். கணவரும் உங்களோடு வந்தால் எல்லாருக்கும் நல்லது. அவருக்கு விமானத்தில் வரத்தான் ஆசை என்றால், பரிசோதனைக்குப் பின் விமானத்தைச் சோதித்துப் பார்த்தபிறகு, பகலில், பயிற்றுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முந்தின நாளே வரட்டும். மறுநாள் பகலில் திரும்பட்டும். வானிலை சரியில்லை என்றால் ஏறுவதற்காக ரயில் டிக்கெட் ஒன்றும் கையில் இருக்கட்டும். "வராவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்" என்று உங்கள் தங்கையே அவரிடம் சொன்னால், அது எந்தக் கருவியையும்விட அவருக்குப் பாதுகாப்பு.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வயதில் உட்கார்ந்து படித்து லைசென்ஸ் வாங்கிய மனிதரின் ஆசையை மதிக்கிறேன். எந்தத் தேதியும் துரத்தாத ஒரு காலை நேரத்தில், காற்று அமைதியாக இருக்கும்போது, நீங்கள் இருவர் மட்டும் அரை மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள். பயணிகளை ஏற்றுவதற்கு முன் கடந்த 90 நாளில் மூன்று முறையாவது மேலெழும்பி இறங்கியிருக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அது குறைந்தபட்சம் மட்டுமே. அவர் வாராவாரம் பறந்துகொண்டிருப்பது நல்லது. அடுத்ததாக அவர் செய்ய வேண்டிய செலவு விமானத்துக்குப் புதுக் கருவிகள் வாங்குவதல்ல, கருவிப் பறப்புப் பயிற்சி. உங்களுக்கும் விருப்பமிருந்தால், விமானிக்கு உடம்பு முடியாமல் போனால் பக்கத்தில் இருப்பவர் வானொலியில் உதவி கேட்டு விமானத்தை இறக்குவதற்கான குறுகிய பயிற்சியைச் சில பயிற்சிப் பள்ளிகள் தருகின்றன.

ஏறும் நாளில் கவனிக்க வேண்டியவை: பழைய விமானமாதலால் பின் இருக்கைகளில் தோள்பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புப்பட்டி மட்டும் இருந்தால் தோள்பட்டி பொருத்தும் வரை மகள் பின்னால் உட்கார வேண்டாம். மேலெழும்பும்போதும் இறங்கும்போதும் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பறக்கும்போது கதவு லேசாகத் திறந்துகொண்டால் பயங்கரச் சத்தம் வரும், ஆனால் விமானம் தொடர்ந்து பறக்கும். அப்போது கதவைப் பிடிக்கப் போகாமல் ஓட்டுவதிலேயே அவர் கவனம் இருக்கட்டும். மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: முன்னால் இருக்கும் புரொப்பெல்லர் நின்றிருந்தாலும் அதன் பக்கம் போகக்கூடாது. எப்போதும் இறக்கைக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்துதான் ஏற வேண்டும், இறங்கினாலும் அதே வழிதான்.